தோப்புக்குள் 430 மீட்டர்: கேமரா சிக்னலுக்கு எந்தக் கேபிள்?

தோப்புவாசி (பொள்ளாச்சி)

வணக்கம்ங்க. ஆனைமலை ரோட்டில் எங்கள் தென்னந்தோப்பு. தேங்காய் திருட்டு அதிகமாகிவிட்டது. மோட்டார் ஷெட்டில் தாமிர ஒயரையும் அறுத்துக்கொண்டு போகிறார்கள். கேமரா போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கேமரா என்பதில் குழப்பமில்லை. படத்தை வீடு வரை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இடம் இப்படி. வீட்டைச் சுற்றி 4 கேமரா, எல்லாம் 40 மீட்டருக்குள். நார் காயப்போடும் களம் 140 மீட்டர், அங்கே 2. எதிர்ப்பக்கம் மோட்டார் ஷெட் 260 மீட்டர், அங்கே 1. அதே வழியில் இன்னும் போனால் ரோட்டோர கேட், வீட்டிலிருந்து 430 மீட்டர், அங்கே 2. கேட்டில் கரண்ட் கிடையாது. களத்திலும் ஷெட்டிலும் இருக்கிறது.

ஒருவர் எல்லாவற்றுக்கும் 3+1 கேபிள் இழுத்து டி.வி.ஆர். (படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) போடலாம் என்கிறார். இன்னொருவர் கேட்6 நெட்வொர்க் கேபிள் போட்டு, கேமராக்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் 250 மீட்டர் மோடை ஆன் செய்தால் போதும் என்கிறார். மூன்றாவது ஆள் ஒயரே வேண்டாம், வயர்லெஸ் போடுகிறேன் என்கிறார். ஒருமுறை பள்ளம் தோண்டி மூடிவிட்டால் மறுபடி தோண்ட முடியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை இன்ஸ்டாலர்

3+1 கேபிளை முதலில் தள்ளி வையுங்கள். மெல்லிய கோஆக்ஸ் (கேபிள் டி.வி. ஒயர் மாதிரி) ஒன்றும் பவர் ஒயர் மூன்றும் சேர்ந்தது அது. கடை, வீடு மாதிரி 30, 40 மீட்டருக்கு நன்றாக ஓடும். 90 மீட்டர் சுருளை முழுக்க விரித்து அதிலேயே 12 வோல்ட் அனுப்பினால் பகலில் படம் வரும். இருட்டியதும் கேமராவின் ஐ.ஆர். விளக்கு எரியும், கரண்ட் கூடுதலாக இழுக்கும், கேமரா அணைந்து அணைந்து வரும். உடனே கேமரா போய்விட்டது என்று மாற்றுவார்கள், புதுக் கேமராவும் அதையே செய்யும். பகலில் சரி, ராத்திரியில் தகராறு என்றால் முதலில் கேமரா முனையில் மீட்டர் வைத்து வோல்டேஜ் பாருங்கள்.

அதற்காகக் கோஆக்ஸே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நடுக்கம்பி முழுத் தாமிரமாக இருக்கும் நல்ல ஆர்.ஜி.6 கேபிளில் 1080பி எச்.டி. அனலாக் படம் 300 மீட்டர் தாராளமாகப் போகும். பெட்டியில் 500 மீட்டர் என்று அச்சடிப்பதும் அந்த மாதிரிக் கேபிளை வைத்துத்தான், 3+1-ஐ வைத்து அல்ல. 5 மெகாபிக்சல், 8 மெகாபிக்சல் என்று ஏறும்போது தூரம் குறையும். ஐ.பி. முகவரி, பாஸ்வேர்டு, ஸ்விட்ச் எதுவும் வேண்டாம், படம் தாமதமின்றி வரும், உள்ளூர் எலக்ட்ரீஷியனே பழுது பார்ப்பார். கரண்ட் இருக்கும் களத்துக்கும் ஷெட்டுக்கும் ஆர்.ஜி.6 போட்டு, பவரை அங்கேயே கொடுத்தால் போதும். கேட் மட்டும் வேறு கதை.

சென்னை நெட்வொர்க்

மேலே சொன்ன வோல்டேஜ் விஷயத்தைக் கணக்காகவே போட்டுவிடலாம், இந்த முடிவில் பாதி அதில்தான் இருக்கிறது.

நெட்வொர்க் கேபிளில் இருக்கும் 24 கேஜ் தாமிரக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 84 ஓம் தடை. 100 மீட்டருக்கு ஒரு ஜோடியில் போய்த் திரும்பினால் சுமார் 17 ஓம். ஐ.ஆர். எரியும்போது கேமரா அரை ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 8 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 12-ல் மிஞ்சுவது 4 கூட இல்லை. 48 வோல்ட்டில் அனுப்பினால் அதே 6 வாட் கேமராவுக்கு 0.13 ஆம்பியர் போதும், இழப்பு சுமார் 2 வோல்ட்தான். பி.ஓ.இ., அதாவது சிக்னல் போகும் அதே நெட்வொர்க் கேபிளில் பவரையும் அனுப்புவது, வேலை செய்வதன் சூட்சுமம் இதுதான். 2003-ல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்ச் போர்ட்டில் 15.4 வாட், 100 மீட்டர் தள்ளியிருக்கும் கருவிக்கு 12.95 வாட். சாதாரண புல்லட், டோம் கேமராக்களுக்கு அது போதும். சுற்றும் பி.டி.இசட். கேமரா என்றால் 2009-ல் வந்த 802.3ஏடி ஸ்விட்ச் வேண்டும், அது போர்ட்டுக்கு 30 வாட்.

வீட்டைச் சுற்றியுள்ள நான்குக்கும் பி.ஓ.இ. ஸ்விட்ச், கேட்6. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

250 மீட்டர் மோடு பற்றி. அதை ஆன் செய்தால் போர்ட் வேகம் 10 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) ஆகக் குறையும். எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் 4 மெகாபிக்சல் கேமரா 4 எம்.பி.பி.எஸ். அளவில் ஓடும் என்பதால் ஒரு கேமராவுக்கு இடமிருக்கிறது. பவரும் நல்ல தாமிரக் கேபிளாக இருந்தால் போய்ச் சேரும். ஆனால் ஈதர்நெட் தரம் தாமிரத்துக்குச் சொல்வது 100 மீட்டர்தான். அதற்கு மேல் ஓடுவது அந்தந்த ஸ்விட்ச் கம்பெனியின் சொந்த ஏற்பாடு. ஸ்விட்ச் பழுதாகி வேறு பிராண்டு மாற்றும் நாளில் அதே கேபிளில் லிங்க் வராமல் போகலாம். உங்கள் ஷெட் வேறு 260 மீட்டர், அவர்கள் சொல்லும் எல்லையையே தாண்டுகிறது.

காற்றலை (தேனி)

வயர்லெஸ் என்றதும் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் தோப்புக்கு அது ஏற்ற வழி. 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸில் பெரும் பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்த பிறகு வெளிப்புறத்தில் வயர்லெஸ் பாலம் அமைப்பதில் சட்டச் சிக்கலும் இல்லை. 430 மீட்டர் என்பது சி.பி.இ. எனப்படும் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கருவிகளுக்கு மிகச் சிறிய தூரம். கேட்டில் ஒன்று, வீட்டில் ஒன்று, அவ்வளவுதான். பள்ளம் இல்லை, கூலி இல்லை.

தென்னை என்றாலே சிக்னல் போகாது என்பதும் சரியில்லை. மட்டையெல்லாம் உயரத்தில் இருக்கிறது. 25 அடி இடைவெளியில் வரிசையாக நட்ட தோப்பில் ஆள் உயரத்துக்கு மேல் பார்த்தால் நேர் சந்து கிடைக்கும். அலை ஒரே கோடாகப் போகாது, நடுவில் பருத்துப் போகும். 430 மீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் அந்தப் பருமனின் ஆரம் நடுவழியில் சுமார் 2.4 மீட்டர். அதில் 60 சதவீதம், அதாவது அந்தக் கோட்டைச் சுற்றிலும் ஒன்றரை மீட்டர் தடை இல்லாமல் இருந்தால் போதும். 25 அடி சந்தில் அது தாராளம். கருவியை 3, 4 மீட்டர் உயரத்தில், மட்டைக்குக் கீழே பொருத்த வேண்டும்.

இன்னொன்று, இந்தக் கருவிகள் பலவற்றுக்கும் 24 வோல்ட் பாஸிவ் பி.ஓ.இ. அடாப்டர்தான் வரும். அது எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வோல்டேஜை ஏற்றிவிடும். அந்த அடாப்டரில் கேமராவைச் சொருகக் கூடாது.

தோப்புவாசி (பொள்ளாச்சி)

தேனி அண்ணா, விளக்கத்துக்கு நன்றி. எங்கள் தோப்பில் ஊடுபயிராக கோகோவும் ஜாதிக்காயும் இருக்கிறது, கேட் பக்கம் வாழை. நீங்கள் சொல்லும் 3, 4 மீட்டர் உயரம் முழுக்க இலைதான்.

காற்றலை (தேனி)

அப்படியென்றால் வேண்டாம். வாழை இலையும் கோகோ இலையும் தண்ணீர் நிறைந்தவை. மழையில் நனைந்தால் 5 கிகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும். இன்று வைத்துப் பார்த்தால் சிக்னல் காட்டலாம், தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் அறுந்து அறுந்து வரும். திருடன் வர வசதியான நேரமும் மழை ராத்திரிதான். மட்டைக்கு மேலே போகலாம் என்றால் இரண்டு பக்கமும் 20 மீட்டர் டவர் வேண்டும். அதற்குப் பள்ளம் தோண்டுவதே மேல்.

ஈரோடு ஃபைபர்

நான் கேபிள் டி.வி. தொழிலில் இருக்கிறேன். ஃபைபர் என்றதும் பெரிய கம்பெனிகளுக்கானது என்று நினைக்கிறார்கள். இன்று எங்கள் ஊர்ப் பக்கம் சின்ன டவுனிலும் இழைகளை ஒட்டும் ஸ்பிளைஸிங் மெஷினோடு ஆள் இருக்கிறார். வீட்டு இன்டர்நெட்டுக்கே ஃபைபர்தானே வருகிறது. பள்ளம் தோண்டும் கூலி எந்தக் கேபிளுக்கும் ஒன்றுதான். செலவில் பெரும் பகுதி அந்தப் பள்ளம். அதற்குள் தாமிரத்தைப் போட்டுப் புதைத்தால் கேமராவின் தரத்தை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் தூரம் குறுக்கே நிற்கும். கண்ணாடி இழையில் அந்தப் பேச்சே இல்லை.

சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் போகும் இழை) வாங்குங்கள். குறைந்த தூரத்துக்கு மல்ட்டி மோட் போதும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நம் ஊரில் கிடைக்கும் இழை, பிக்டெயில் (கனெக்டர் பொருத்திய சின்ன இழைத் துண்டு), கன்வெர்ட்டர் (ஒளியை நெட்வொர்க் சிக்னலாக மாற்றும் பெட்டி), ஸ்பிளைஸிங் ஆள் எல்லாமே சிங்கிள் மோடைச் சுற்றித்தான்.

இழப்புக் கணக்கு: 1310 நானோமீட்டரில் ஒரு கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல் என்றால் 430 மீட்டருக்கு 0.15. ஸ்பிளைஸ் இரண்டுக்கு 0.2, கனெக்டர் இரண்டுக்கு 1 என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் ஒன்றரையைத் தொடாது. 20 கிலோமீட்டர் என்று விற்கும் சாதாரண மீடியா கன்வெர்ட்டர் இதைப்போல பல மடங்கு இழப்பைத் தாங்கும். பவர் மீட்டரில் பார்க்கும்போது அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் வித்தியாசம் 2, 3 டெசிபலைத் தாண்டினால் எங்கோ இழை மடங்கியிருக்கிறது, இல்லை கனெக்டரில் தூசி. லிங்க் வருகிறதே என்று விட்டுவிடாமல் அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒற்றை இழையில் ஓடும் கன்வெர்ட்டர் ஏ, பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310-ல் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது அதற்கு நேர் எதிர். இரண்டு ஏ கொடுத்தனுப்பிவிட்டால் விடிய விடிய உட்கார்ந்தாலும் லிங்க் வராது. அப்புறம் கனெக்டர் நிறம். நீலம் நேராகத் தீட்டிய முனை, பச்சை சாய்வாகத் தீட்டிய முனை. வீட்டு இன்டர்நெட் வேலையில் மிஞ்சிய பச்சைப் பேட்ச் கார்டைக் கொண்டுவந்து நீலத்தில் சொருகுவார்கள். இரண்டும் சேரவே கூடாது, இழப்பு எகிறும், முனையும் கீறிப்போகும்.

கோவை இன்ஸ்டாலர்

ஃபைபருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் களத்துக்கு 140 மீட்டர்தான். அதற்கும் கண்ணாடி, இரண்டு கன்வெர்ட்டர், இரண்டு அடாப்டர், ஒரு சின்ன ஸ்விட்ச் என்று போட்டால் பழுதாகக்கூடிய பொருள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நான் பார்த்தவரை மீடியா கன்வெர்ட்டர் போவதில்லை, அதோடு வரும் 5 வோல்ட் அடாப்டர்தான் முதலில் போகிறது. ஆர்.ஜி.6 கேபிளில் அப்படி எதுவும் நடுவில் இல்லை.

மின்பணி (திண்டுக்கல்)

கோவை அண்ணன் சொல்வது ஒரே கட்டடத்துக்குள் என்றால் சரி. இங்கே கேபிள் ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

வீட்டு எர்த் வேறு, களத்தில் இருக்கும் எர்த் வேறு. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. கேமராவை இரும்புக் கம்பத்தில் பொருத்தி, அதன் உடலும் கோஆக்ஸ் சொருகும் பி.என்.சி. கனெக்டரும் ஒட்டியிருந்தால், கோஆக்ஸின் மேல்பின்னல் இரண்டு எர்த்தையும் இணைக்கும் ஒயராகிவிடும். மோட்டார் ஓடும்போது படத்தில் கிடையாகப் பட்டை மெதுவாக நகர்ந்து போவது இதனால்தான். அதற்கு ஐசொலேட்டர் இருக்கிறது, போட்டால் பட்டை நிற்கும். மின்னலுக்கு அந்த ஐசொலேட்டர் நிற்காது.

தென்னந்தோப்பில் மின்னலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வட்டாரத்திலேயே உயரமானது தென்னைதான். இடி நேராகக் கேமராவில் விழ வேண்டியதில்லை. 50 மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் விழுந்தாலும் மண்ணில் அந்த இடத்தின் மின்னழுத்தம் ஒரு நொடிக்குள் எகிறும், 140 மீட்டர் நீளத் தாமிரம் அதை நேராக டி.வி.ஆருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு கேமரா போனால் பரவாயில்லை. டி.வி.ஆர்., அதோடு இணைந்த டி.வி., ரவுட்டர் என்று வரிசையாகப் போகும். பி.ஓ.இ. கேபிளுக்கும் இதே கதிதான், அது கேட்6 என்பதால் தப்பிக்காது.

கட்டடத்துக்குக் கட்டடம் சிக்னல் போக வேண்டுமென்றால் கண்ணாடி. 140 மீட்டராக இருந்தாலும் கண்ணாடி. அடாப்டர் போனால் கடையில் உடனே வாங்கி மாற்றலாம்.

ஃபைபரிலும் ஒன்று பார்க்க வேண்டும். ஆர்மர்டு என்று கேட்டால் உள்ளே எஃகுத் தகடு சுற்றிய கேபிளைத் தருவார்கள். தாமிரம் வேண்டாம் என்றுவிட்டு எஃகைப் புதைப்பதில் என்ன பயன்? உலோகமே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்கி, எச்.டி.பி.இ. குழாய்க்குள் விடுங்கள். எலி, பெருச்சாளி, காட்டுப்பன்றிக்குக் குழாய்தான் காவல். சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் ஆட்களே இதையும் செய்துவிடுவார்கள். ரொட்டவேட்டர் ஓட்டும் தோப்பு என்றால் ஆழம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது.

தோப்புவாசி (பொள்ளாச்சி)

திண்டுக்கல் ஐயா, இதை மூன்று பேரில் ஒருவரும் சொல்லவில்லை. போன வருஷம் ஐப்பசி மழையில் பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் டி.வி.ஆரோடு எல்லாம் கருகியது. சரி, சிக்னலுக்கு ஃபைபர் என்று வைத்துக்கொள்கிறேன். கேட்டில் கரண்ட்டுக்கு என்ன செய்வது? சோலாரா? அப்புறம் ஷெட்டில் இருக்கும் பம்ப்செட் லைனிலேயே கேமராவையும் கன்வெர்ட்டரையும் மாட்டிவிடலாம்தானே?

சென்னை நெட்வொர்க்

கேட்டில் கேமரா இரண்டு, சின்ன பி.ஓ.இ. ஸ்விட்ச், ஃபைபர் கன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து 20 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 480 வாட்-மணி. மேகமூட்டக் காலத்தையும் இழப்பையும் சேர்த்தால் 200 வாட் பேனலுக்குக் குறையக் கூடாது. இரண்டு நாள் வெயில் இல்லாமல் ஓட வேண்டுமென்றால் லித்தியம் பேட்டரி 12.8 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி, லெட் ஆசிட் என்றால் 160. கடைக்காரர் 40 வாட் பேனலும் சின்ன பேட்டரியும் கொண்ட செட் காட்டினால், அது அசைவு தெரிந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் கேமராவுக்கானது. 24 மணி நேரமும் பதிவு செய்ய அது உதவாது.

அந்த செட்டோடு 4ஜி சிம் கேமராவும் காட்டுவார்கள். 2 எம்.பி.பி.எஸ். படத்தை நாள் முழுக்க அனுப்பினால் 21.6 ஜி.பி. ஆகும். எந்த சிம் பிளானும் கட்டாது.

தோப்புவாசி (பொள்ளாச்சி)

ரோட்டோரத்தில் 200 வாட் பேனலும் பேட்டரியும் வைத்தால் அதைக் காவல் காக்க இன்னொரு கேமரா வேண்டும். திருட்டுக்காகத்தானே இந்த வேலையே. ஒயர் வழியாகவே கொண்டுபோக முடியுமா?

மின்பணி (திண்டுக்கல்)

முடியும். 12 வோல்ட்டில் முடியாது, 230-ல் முடியும். 20 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.1 ஆம்பியர் கூட இல்லை, 430 மீட்டருக்கு இழப்பு ஒரு வோல்ட்டுக்குள். அதே 20 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பப் போனால் 1.7 ஆம்பியர், ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கம்பியில் வழியிலேயே 12 வோல்ட்டும் தீர்ந்துவிடும்.

ஆனால் இழப்பு குறைவு என்று ஒன்றரை ஸ்கொயர் போட்டுவிட வேண்டாம். ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று பாருங்கள். 430 மீட்டர் போய்த் திரும்ப 860 மீட்டர். ஒன்றரை ஸ்கொயர் தாமிரத்துக்கு சுமார் 10 ஓம். கேட்டில் ஷார்ட் ஆனால் 22 ஆம்பியர்தான் பாயும். வீட்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் தானாக விழும் ஸ்விட்ச்) இருந்தால் அது உடனே விழாது, ஒயர் சூடாகிக்கொண்டே இருக்கும். இரண்டரை ஸ்கொயர் ஆர்மர்டு கேபிள் போட்டால் 36 ஆம்பியர் கிடைக்கும். அதற்கு பி வகை 6 ஆம்பியர் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் விழும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். மண்ணுக்கடியில் போகும் 230 வோல்ட், தோப்பில் ஆட்கள் வெறுங்காலோடு மண்வெட்டி போடுவார்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஷெட் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். பம்ப்செட்டுக்குக் கொடுத்த விவசாய இணைப்பில் கேட்டுக்கோ கேமராவுக்கோ லைன் எடுக்காதீர்கள். வழங்கிய நோக்கம் தவிர வேறு எதற்கும் மின்சாரத்தைத் திருப்பினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி அபராதம் போடுவார்கள். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் விழுந்து எழுவதும் இந்தச் சின்ன அடாப்டர்களுக்கு ஆகாது. கேட்டுக்குப் போகும் கேபிள் ஷெட்டைத் தாண்டித்தானே போகிறது. வீட்டு இணைப்பில் இருந்து வரும் அதே கேபிளில் ஷெட் கேமராவுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டருக்குப் பின்னால் இருந்து லைனை எடுத்தால் கரண்ட் போனாலும் கேட் கேமரா ஓடும்.

பவர் கேபிளும் உலோகம்தான், அதன் வழியும் மின்னல் வரும். வீட்டுப் பக்கம் ஒன்று, கேட் பக்கம் ஒன்று சர்ஜ் புரொடெக்டர் (திடீரென எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போடுங்கள், கேட்டிலும் தனி எர்த் குழி எடுங்கள். எர்த் இல்லாமல் சர்ஜ் புரொடெக்டர் மாட்டுவது சும்மா பெட்டி மாட்டுவதுதான்.

மதுரை அபார்ட்மென்ட்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் குடியிருப்பில் பழைய அனலாக் கேமரா. கோஆக்ஸ் எல்லாம் சுவருக்குள் குழாயில் புதைந்திருக்கிறது. ஐ.பி. (நெட்வொர்க்) கேமராவுக்கு மாற வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும் என்கிறார்கள். லிஃப்ட் கேமராவில் வேறு லிஃப்ட் நகரும்போதெல்லாம் கோடு கோடாக வருகிறது.

கோவை இன்ஸ்டாலர்

சுவரை உடைக்க வேண்டாம். அந்தக் கோஆக்ஸ் நல்ல நிலையில் இருந்தால் டி.வி.ஆரையும் கேமராவையும் மட்டும் மாற்றி 5 மெகாபிக்சல் எச்.டி. அனலாக் போடலாம். ஐ.பி.தான் வேண்டுமென்றால் கோஆக்ஸ் மீது ஈதர்நெட் அனுப்பும் கன்வெர்ட்டர் ஜோடி கிடைக்கிறது. கேமராவுக்கு ஒரு ஜோடி என்பதால் செலவு கூடும். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். எதுவானாலும் பழைய பி.என்.சி. முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், பாதிப் பிரச்சினை அந்த முனையில்தான்.

லிஃப்ட் கேமராவின் கோடு, லிஃப்ட் மோட்டாரை ஓட்டும் டிரைவில் இருந்து வரும் இரைச்சல். கேபினோடு தொங்கும் பட்டைக் கேபிளில் பவரும் சிக்னலும் ஒன்றாகப் போவதால் ஒட்டிக்கொள்கிறது. கேபின் மேல் ஒன்று, லிஃப்ட் குழியின் உச்சியில் ஒன்று என்று 5 கிகாஹெர்ட்ஸ் பாலம் வைத்து ஐ.பி. கேமரா போடுங்கள். நேர்க்கோடு, நடுவில் தடையே இல்லை. தேனி நண்பர் சொன்ன கருவி அங்கே அருமையாக வேலை செய்யும். லிஃப்ட் பராமரிப்பு ஆள் உடன் இருக்கும்போது மட்டும் குழிக்குள் இறங்கச் சொல்லுங்கள்.

தோப்புவாசி (பொள்ளாச்சி)

எல்லோரும் சொன்னதை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் எஸ்.எஃப்.பி. துளை (ஃபைபர் மாட்யூல் சொருகும் இடம்) உள்ள பி.ஓ.இ. ஸ்விட்ச், அதிலேயே வீட்டுக் கேமரா நான்கு. களத்துக்கு 4 இழை, ஷெட் வழியாகக் கேட்டுக்கு 6 இழை, உலோகமில்லாத சிங்கிள் மோட். ஒவ்வொரு இடத்திலும் சின்ன பி.ஓ.இ. ஸ்விட்ச். ஷெட்டுக்கும் கேட்டுக்கும் வீட்டு லைனில் இருந்து இரண்டரை ஸ்கொயர் ஆர்மர்டு. களத்தில் இருப்பது வீட்டு மீட்டரின் கரண்ட்தான். கேட்6 உருளை ஒன்று கடையில் பாதி விலைக்குச் சொன்னார்கள், அதை வாங்கலாமா?

சென்னை நெட்வொர்க்

பாதி விலை என்றால் அது தாமிரம் பூசிய அலுமினியமாக இருக்கும். பிளேடால் கம்பியைச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தடை அதிகம், பி.ஓ.இ. போகும்போது சூடாகும், கனெக்டர் முனையில் ஒடியும். வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு வெளியுறை கொண்ட வெளிப்புறக் கேபிள் தனியாகக் கேளுங்கள், சாம்பல் நிற உள்ளறைக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும்.

எஸ்.எஃப்.பி. ஸ்விட்சாகவே வாங்குவது நல்லது, கோவை நண்பர் பயந்த 5 வோல்ட் அடாப்டர்கள் குறையும். மொத்தம் 9 கேமரா, தலைக்கு 4 எம்.பி.பி.எஸ். என்றால் 36. நெட்வொர்க்குக்கு இது சுமையே இல்லை. ஹார்டு டிஸ்கில் பாருங்கள், ஒரு கேமராவுக்கு நாளுக்கு 43 ஜி.பி., ஒன்பதுக்கும் 390 ஜி.பி. அருகில். 15 நாள் பதிவு வேண்டுமென்றால் 6 டி.பி.

கேட்டில் வைக்கும் பெட்டி வெயில் படாமல் நிழலில் இருக்கட்டும். சாதாரண ஸ்விட்ச் பலவும் 40 டிகிரி வரைதான் தாங்கும். வெயிலில் மூடிய பெட்டி அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். ஒயர் நுழையும் துளைகளை கிளாண்ட் போட்டு அடைத்துவிடுங்கள், பல்லியும் எறும்பும் அதன் வழியாகத்தான் வரும்.

ஈரோடு ஃபைபர்

ஷெட்டில் 6 இழையையும் வெட்டிவிட வேண்டாம். ஸ்பிளைஸ் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: அங்கே ஒன்றோ இரண்டோ இழையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், மற்றவை அறுபடாமல் நேராகக் கேட்டுக்குப் போக வேண்டும். நிற வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை. எது எங்கே போகிறது என்பதைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும், ஷெட்டிலும் பத்துப் பதினைந்து மீட்டர் உபரி கேபிளைச் சுருட்டி வையுங்கள், இழுத்துக் கட்டிவிட்டால் நாளைக்கு அறுந்தபோது சேர்க்க நீளம் இருக்காது.

குழாய் பதித்ததும் மண்ணை மூடுவதற்கு முன்பே பள்ளத்தை அங்கங்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் எந்த மரம், எத்தனை அடி என்பது தெரியும்படி.

தோப்புவாசி (பொள்ளாச்சி)

பள்ளத்துக்கு ஜே.சி.பி. சொல்லியாயிற்று. பவர் கேபிளும் ஃபைபர் குழாயும் ஒரே பள்ளத்தில் போகலாமா, தனித்தனியா?

மின்பணி (திண்டுக்கல்)

ஒரே பள்ளம் போதும், கண்ணாடிக்கு மின்சார இரைச்சல் கிடையாது. பவர் கேபிளை அடியில் போட்டு மணல் பரப்புங்கள், அதன் மேல் செங்கல் வரிசை, ஒரு அடி மண், அப்புறம் ஃபைபர் குழாய். இரண்டரை அடி என்று நான் சொன்னது ஃபைபர் குழாய்க்கான கணக்கு. அதனால் செங்கல், மணல் உயரத்தையும் சேர்த்துப் பள்ளம் நான்கு அடிக்குக் குறையாமல் போகட்டும். குழாய்க்கு மேல் மஞ்சள் எச்சரிக்கை நாடா விரித்துவிட்டு மூடச் சொல்லுங்கள். ஃபைபருக்காகத் தோண்டுபவர் முதலில் அந்த நாடாவைப் பார்ப்பார்.

தோப்புவாசி (பொள்ளாச்சி)

சரிங்க ஐயா. பள்ளம் எடுத்ததும் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.